2025 வாசிப்புக் கணக்கு: 11 புத்தகம், பாதி சத்தமாக

நெய்தல் | 27 டிசம்பர் 2025, இரவு 8.40

வருடம் முடியப்போகிறது. வாசித்த புத்தகங்களைக் குறித்துவைக்கும் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். 2023இல் 38, 2024இல் 41, இந்த வருடம் 11. பார்த்தவுடன் மனசு கொஞ்சம் சோர்ந்துதான் போனது. பிறகு பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போனேன். போன வருடத்து 41இல் ஏழெட்டுக்கு மேல் கதைகூட ஞாபகம் இல்லை. இந்த 11உம் அப்படியே இருக்கின்றன, எந்தப் பக்கத்தில் யார் என்ன சொன்னார் என்பது உட்பட.

காரணம் அப்பா. அவருக்கு 81 வயது. குளுக்கோமாவில் பார்வை குறைந்துகொண்டே வந்து, பெப்ரவரியோடு எழுத்துத் தெரியாமல் போய்விட்டது. போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து என்று டொக்டர் சொல்லிவிட்டார். பத்திரிகையை மரண அறிவித்தல் வரைக்கும் விடாமல் வாசித்த மனுசன், விறாந்தைக் கதிரையில் இருந்து ரோட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மார்ச்சில் ஒரு பின்னேரம் பக்கத்தில் கதிரையைப் போட்டுச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினேன்.

முதலில் எடுத்தது வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' தொகுப்பு. அவர் திருகோணமலைப் பக்கம் மூதூர்க்காரர், அப்பா பிறந்ததும் மூதூர். கம்பஸ் காலத்தில் நான் ஒரே இரவில் முடித்த புத்தகம் அது. இந்த முறை ஐந்து வாரம் எடுத்தது. தலைப்புக் கதையில் இரண்டாம் பக்கம் வரவில்லை, அப்பா கையை உயர்த்தினார். "கொஞ்சம் நில்லு பிள்ளை. நீ தோணி எண்டு வாசிக்கிறாய், உனக்குத் தோணி தெரியுமா?"

என்னுடைய கையைப் பிடித்து உள்ளங்கையை விரித்தார். நடுவிரல் நுனியைத் தொட்டு, "இது அணியம். அலையை முதல்ல காணுறது இதுதான்" என்றார். மணிக்கட்டைத் தொட்டு, "இதில சுக்கான்." உள்ளங்கையின் நடுவில் பெருவிரலை ஊன்றி, "இதில பாய்மரம். சவள் போடுறவன் இந்தா, இந்தக் கரையில இருப்பான்." பிறகு என் கையை அப்படியே மெதுவாக ஆட்டிக்காட்டினார், கொட்டியாரக் குடாவில் வாடைக் காற்றுக்கு எப்படி ஆடும், சோழகத்துக்கு எப்படி ஆடும் என்று. இத்தனை வருடம் அவரோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். அப்பப்பாவோடு கடலுக்குப் போன கதை அன்றைக்குத்தான் வெளியே வந்தது. அன்று வாசித்தது ஒன்றரைப் பக்கம்.

அரை மணித்தியாலத்தில் 10, 12 பக்கம், அவ்வளவுதான் எங்கள் வேகம். ஒரு வரியையும் தாண்டிப்போக முடியாது, தாண்டினால் அவருக்குத் தெரிந்துவிடும். கண்ணால் வாசிக்கும்போது நான் எவ்வளவு வரிகளை விழுங்கியிருக்கிறேன் என்று இந்த வருடம்தான் விளங்கியது.

உங்களுக்கெல்லாம் இந்த வருடம் எப்படிப் போனது? எண்ணிக்கையை விடுங்கள். வாசிப்பு மாறியதா?

நூறுபக்கம் | 27 டிசம்பர், இரவு 9.25

அக்கா, அப்பாவின் கதை நெஞ்சைத் தொட்டது. ஆனால் எண்ணிக்கையை விடுங்கள் என்றதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

எனக்கு இந்த வருடம் 52. வாரத்துக்கு ஒன்று. கல்யாணம், பிள்ளைகள், இரவு டியூட்டி என்று ஏழு வருடம் ஒரு புத்தகமும் தொடாமல் இருந்தவன் நான். அந்த ஏழு வருடமும் 'வாசிக்கத்தான் வேணும்' என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். 2022இல் ஒரு கொப்பி வாங்கி இலக்கம் போட்டு எழுதத் தொடங்கிய பிறகுதான் திரும்ப வாசிப்பு வந்தது. ஒரு நாளைக்கு 30 பக்கம். வேலைக்குப் போக முதல் 10, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 10, படுக்க முதல் 10. எண்ணாத வருடங்களில் நான் நிதானமாக வாசிக்கவில்லை அக்கா, வாசிக்கவே இல்லை.

கிண்ணியான் | 27 டிசம்பர், இரவு 10.10

நல்ல இழை. நெய்தல் தாத்தா (அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்), வாப்பாவுக்கு என் ஸலாம் சொல்லுங்கள்.

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை நாங்கள் பாதையில்தான், அதாவது ஆட்களை ஏற்றி இறக்கும் மிதவையில்தான், கடந்தோம். பாதை வரும்வரை இக்கரையில் காத்திருப்பு, ஏறிய பிறகு தண்ணீர் மேல் கொஞ்ச நேரம். டவுனில் வேலை செய்த எட்டு வருடமும் என் வாசிப்பு முழுக்க அந்தக் காத்திருப்பில் நடந்தது. பாலம் வந்தது பெரிய நிம்மதி. இரவில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் தவித்த ஊருக்கு அதன் அருமை தெரியும். அந்த வாசிப்பு நேரம் மட்டும் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. இப்போது 396 மீற்றரை மோட்டார் சைக்கிளில் ஒரு நிமிடத்துக்குள் கடந்துவிடுகிறேன்.

இந்த வருடம் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டேன். இலங்கைக்காரர் தமிழில் எழுதிய முதல் நாவல்களைத் தேடி வாசிப்பது. சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய கதை', 1885. எகிப்திலும் இந்தியாவிலும் நடக்கும் கதை அது. அடுத்தது 1891இல் வந்த 'ஊசோன் பாலந்தை கதை'. அதை எழுதிய இன்னாசித்தம்பி நம்ம திருகோணமலைக்காரர். ஐரோப்பாவில் வழங்கிய இரட்டைச் சகோதரர் கதையைத் தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார். பிறகு தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி', 1895. அவரும் திருகோணமலை. பத்து வருடத்துக்குள் மூன்று, அதில் இரண்டு நம்ம ஊர் மனிதர்கள் எழுதியவை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்து 43 வயதுவரை எனக்கு இது தெரியாது. ஒரு பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

உண்மையைச் சொன்னால் மோகனாங்கியில் மூன்றாம் அத்தியாயத்தோடு நிற்கிறேன். அந்தக் காலத்து வசனநடை, சொற்கள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து வருகின்றன. கண் தடக்குகிறது. யாராவது முழுக்க வாசித்தீர்களா?

நெய்தல் | 28 டிசம்பர், காலை 6.50

வாசித்தேன் கிண்ணியான் நானா, என் பதினொன்றில் அதுவும் ஒன்று. கண்ணால் வாசிக்க எனக்கும் முடியவில்லை. வாயால் வாசித்தபோது சரி வந்தது. அச்சில் சேர்ந்து கிடக்கும் சொற்களை நாக்கு தானாகப் பிரித்துவிடுகிறது, மூச்சு எங்கே நிற்க வேண்டும் என்று அதுவே காட்டுகிறது. நாயக்கர் காலத்துக் கதையாக இருந்தாலும் எங்கள் புராணப் படிப்பில் பக்கத்தில் இருந்து கேட்கிற மாதிரி ஓசை. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று அதைச் சொல்வார்கள். எழுதியவர் அதற்கு மூன்று வருடம் முதல், 1892இல், 'தத்தை விடு தூது' என்று பெண் விடுதலையைப் பாட்டாகவும் எழுதியிருக்கிறார். அதையும் தேடி எடுங்கள், சின்ன நூல்தான்.

சத்தமாக வாசித்ததால் இன்னொன்றும் நடந்தது. சம்பந்தர் நம் கோணேசர் மேல் பாடிய பதிகம் எனக்குச் சின்ன வயதிலிருந்து பாடம். அப்பா கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலை ஏறும்போது பாடிக்கொண்டே ஏறுவார், நானும் பின்னால் பாடுவேன். பொருள் கேட்டதில்லை. ஓகஸ்டில் அவருக்கு அதை உரையோடு வாசித்துக் காட்டினேன். 'குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும் கோணமாமலை' என்ற இடத்தில் அம்மா குசினிக்குள் இருந்து கேட்டார், "கொழிக்கிறது எண்டால் சுளகில கொழிக்கிறதுதானே?" அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஓம், அதேதான். கடல் சுளகு மாதிரி முத்தைக் கொழிச்சுக் கொழிச்சுக் கரையில போடுது" என்றார். அறுபது வருடமாக அந்தப் பாட்டைப் பாடியவருக்கு அந்தச் சுளகு அன்றைக்குத்தான் தெரிந்தது. அரிசி கொழிக்கிற அம்மாவுக்குக் கேட்டவுடன் தெரிந்தது.

நூறுபக்கம் தம்பி, நீங்கள் சொல்வதும் விளங்குகிறது. ஏழு வருடத்துக்குப் பிறகு திரும்பி வர ஒரு பிடி வேண்டும்தான். ஆனால் 52இல் எத்தனையைத் திரும்ப எடுத்துப் பார்த்தீர்கள்?

இரவுத்தபால் | 28 டிசம்பர், பகல் 12.05

வேலை கொழும்பில், வீடு திருகோணமலையில். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொழும்புக் கோட்டையில் இருந்து இரவு ரயில். கல்ஓயாச் சந்தி தாண்டும்வரை தூக்கம், கந்தளாயில் விழிப்பு, தம்பலகாமத்து வயல் தெரியத் தொடங்கும்போது வாசிப்பு, சீனக்குடாவில் புத்தகத்தை மூடிப் பையில் வைப்பது. என் வருடம் முழுக்க அந்தப் பாதையில்தான் வாசித்தேன். நவம்பர் கடைசியில் புயலோடு ரயில் நின்றது, வாசிப்பும் நின்றது. பஸ்ஸில் எனக்குத் தலை சுற்றும்.

செப்டம்பரில் கொழும்புப் புத்தகக் கண்காட்சிக்குப் போனேன். 400 ரூபாய் என்று இந்திய விலை போட்ட புத்தகத்தை இங்கே 1,600, 1,800 என்றார்கள். எடுத்துப் புரட்டிவிட்டு வைத்துவிட்டு வந்தது நிறைய. அதனால் நான் வாசித்ததில் முக்கால்வாசி 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் இருந்து இறக்கியது. 2005இல் தொடங்கிய வேலை அது. இன்றைக்கு ஈழத்துப் பழைய புத்தகம், சஞ்சிகை எது வேண்டுமென்றாலும் எல்லாரும் முதலில் போய்ப் பார்ப்பது அங்கேதான். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்த பிறகு வளர்ந்தவன் நான். ஒரு பழைய சஞ்சிகையின் ஸ்கேன் செய்த பக்கத்தில் யாரோ ஒருவரின் விரல் நுனி ஓரத்தில் விழுந்திருந்தது. கூலி வாங்காமல் இந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாரோ என்று நினைத்தேன். போனைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன்.

வெண்கட்டி | 28 டிசம்பர், பின்னேரம் 4.30

நான் ரீச்சர். என்னுடைய சொந்த வாசிப்பு இந்த வருடம் குறைவு, பிள்ளைகளின் வாசிப்பைச் சொல்கிறேன்.

நான் படிப்பிக்கும் இடத்தில் புத்தகங்கள் கண்ணாடி அலுமாரியில் இருக்கின்றன. திறப்பு அலுவலகத்தில். புத்தகம் துலைந்தால் பொறுப்பாளர் காசு கட்ட வேண்டும் என்ற பயத்தில் யாரும் திறப்பதில்லை. பிள்ளைகள் இடைவேளையில் கண்ணாடியில் முகத்தை ஒட்டி அட்டைகளைப் பார்ப்பார்கள். எனக்கு அது தாங்காது. இரண்டாம் தவணையில், துலைந்தால் நான் கட்டுகிறேன் என்று எழுதிக்கொடுத்து 60 புத்தகத்தை விறாந்தை மேசையில் பரப்பினேன். பதிவுக் கொப்பி பிள்ளைகளின் பொறுப்பிலேயே.

ஐந்து மாதத்தில் துலைந்தது மூன்று. இரண்டு பிறகு வந்துவிட்டன. தரம் 8இல் ஒரு பிள்ளை, அப்பா கடற்றொழில், ஒரே புத்தகத்தை நான்கு முறை பதிந்து எடுத்திருந்தாள். வேறு எடுக்கவில்லையா என்று கேட்டேன். "இதில இன்னும் முடியேல்ல மிஸ்" என்றாள். கதையை முடித்துவிட்டாள். அதில் வரும் மரங்களின் பெயரை எல்லாம் எழுதி, தன் வளவில் எது நிற்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

நூறுபக்கம் அண்ணாவின் முறையிலும் ஆறு பேருக்குப் பழக்கம் பிடித்தது, அதையும் சொல்ல வேண்டும். சுவரில் பெயருக்கு நேரே கோடு போடும்வரை அவர்கள் மேசைப் பக்கமே வரவில்லை.

புளியமரநிழல் | 28 டிசம்பர், இரவு 9.15

மூதூரில் இருந்து எழுதுகிறேன். டித்வா புயலில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மகாவலி பெருகி வந்த வெள்ளம், ஓடித் தப்பவே நேரம் இல்லை. உயிரோடு இருக்கிறோம், அது போதும். திரும்பி வந்தபோது இறாக்கையின் கீழ் இரண்டு தட்டும் சேறு. 70 புத்தகத்துக்கு மேல். நெய்தல் தங்கச்சி சொன்ன 'தோணி'யும் அதில் ஒன்று, வ. அ. மாஸ்டரின் கையெழுத்தோடு. இனிக் கிடையாது.

பாதியைக் காப்பாற்றினேன், எப்படி என்று எழுதிவைக்கிறேன், யாருக்கும் உதவும். நனைந்த புத்தகத்தை உடனே விரிக்கக் கூடாது, தாள் கிழிந்துவிடும். மூடியபடியே சேற்றை நல்ல தண்ணீரில் கழுவி, துவாயில் வைத்து மெதுவாக அமர்த்தித் தண்ணீரை எடுக்க வேண்டும். பிறகு நிமிர்த்தி வைத்து, சில பக்கத்துக்கு ஒன்றாக வெள்ளைத்தாள் செருகி, அது நனைய நனைய மாற்ற வேண்டும். பத்திரிகைத் தாள் வேண்டாம், மை ஒட்டும். வெயிலில் வைத்தால் அட்டை வளைந்து தாள் நொறுங்கும், அதனால் ஃபேன் காற்றுத்தான். வழவழப்பான படத்தாள் என்றால் ஈரத்திலேயே பிரித்துவிட வேண்டும், ஒட்டிக் காய்ந்தால் கல். இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாதென்றால் பொலித்தீனில் சுற்றிப் பிரிஜ்ஜின் உறைபெட்டிக்குள் வைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துச் செய்யலாம். எனக்கு இதில் பாதி புயலுக்குப் பிறகுதான் தெரிய வந்தது. கரண்ட் வந்தது அதற்கும் பிந்தி.

காயவைத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் போனில் ரொபர்ட் நொக்ஸ் எழுதிய புத்தகத்தை வாசித்தேன். இந்த வருடம் நான் வாசித்ததில் அதுதான் என்னை விடவில்லை. ஆங்கிலம், 1681இல் லண்டனில் அச்சானது, பழைய நடை. அகராதியை வைத்துக்கொண்டுதான் வாசித்தேன். புயலில் பாய்மரம் முறிந்து, அதைச் சரிசெய்யக் கொட்டியாரக் குடாவுக்கு வந்த கப்பலின் கப்டன் மகன் அவர். 1660இல் கண்டி மன்னனின் ஆட்கள் தகப்பனைப் பிடித்தது எங்கள் ஊரில், ஒரு புளியமரத்தின் கீழ். மகனும் அப்போதே பிடிபட்டார். என்னுடைய பெயரும் அந்த மரத்தில் இருந்து எடுத்ததுதான். பள்ளிக்கூடத்தில் வெள்ளைக்காரன் மரம் என்று நினைவுக்கல்லைக் காட்டுவார்கள், அதற்கு மேல் ஒன்றும் சொன்னதில்லை.

கைதியாக இருந்தபோது அவரிடம் இருந்தவை இரண்டே புத்தகம். திரும்பத் திரும்ப வாசித்து இரண்டும் ஏறக்குறைய மனப்பாடம் ஆகிவிட்டது என்று எழுதுகிறார். தகப்பனும் காய்ச்சலில் செத்துப்போனார். ஒரு நாள் நொக்ஸ் ஓடையில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்த வழியால் போன ஒரு வயதான ஆள், உன் எசமானுக்குப் புத்தகம் வாசிக்கத் தெரியுமா என்று வேலைக்காரப் பையனிடம் கேட்கிறார். போர்த்துக்கேயர் கொழும்பை இழந்தபோது கையில் கிடைத்த புத்தகம் ஒன்று அந்த வயதான ஆளிடம் இருந்திருக்கிறது. பார்த்தால் ஆங்கிலத்தில் பைபிள். கையில் இருந்த காசு முழுவதையும் கொடுக்கத் தயாராகிறார் நொக்ஸ். பையன்தான் தடுத்து, மெதுவாகப் பேசச் சொல்கிறான். கடைசியில் ஒரு பின்னல் தொப்பிக்கு அந்தப் புத்தகம் கைக்கு வருகிறது. தொப்பி பின்னி விற்றுத்தான் அவர் அங்கே சீவித்தார். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு, 1679இல், தப்பி மன்னார்க் கரையில் அரிப்பு என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்.

சுற்றிவரப் புத்தகங்களை நிமிர்த்திக் காயவைத்துக்கொண்டு, நடுவில் பாயில் இருந்து அந்தப் பக்கத்தை வாசித்தேன். அன்றைக்கு வேறு ஒன்றும் வாசிக்கவில்லை.

நூறுபக்கம் | 28 டிசம்பர், இரவு 10.40

அண்ணை, உங்கள் வீட்டுக்கு வந்து உதவ என்ன இருக்கிறது என்று தனியாக எழுதுங்கள். வெள்ளைத்தாள் கட்டு இரண்டு என்னிடம் இருக்கிறது.

அக்கா, நீங்கள் கேட்டதற்குப் பதில். கொப்பியைப் பார்த்தேன். 52இல் திரும்ப எடுத்தது ஒன்றே ஒன்று. அது என் மகளுக்கு இரவில் வாசித்த சிறுவர் கதைப் புத்தகம். அவள் கேட்டதற்காகக் குறைந்தது இருபது தடவை வாசித்திருப்பேன். கணக்கில் ஒன்றாகத்தான் போட்டிருக்கிறேன். எண்ணுவதை விடமாட்டேன். ஆனால் 2026 கொப்பியில் 'திரும்ப' என்று இன்னொரு நிரல் கீறியாயிற்று.

கிண்ணியான் | 29 டிசம்பர், காலை 5.55

சுபஹ் தொழுதுவிட்டு மோகனாங்கி மூன்றாம் அத்தியாயத்தைச் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். உம்மா எழும்பி வந்து யாரோடு கதைக்கிறாய் என்று கேட்டார். இருந்து கேளுங்கள் என்றேன், கேட்டார். நான்காம் அத்தியாயம் முடிந்தது.

நெய்தல் | 29 டிசம்பர், இரவு 7.30

புளியமரநிழல் அண்ணை, நீங்கள் எழுதியதை நேற்று முழுதாக அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். தொப்பியில் நிறுத்தச் சொன்னார். "ரெண்டு புத்தகத்தோட எத்தனை வருசம் இருந்தவன்?" என்றார். மூதூரில் எந்தப் பக்கம் வீடு, தண்ணீர் எதுவரை வந்தது, அந்த நினைவுக்கல் இன்னும் நிற்கிறதா என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் பதில் எழுத வேண்டும்.

எங்களிடம் 'தோணி' இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்று நான் கம்பஸ் காலத்தில் வாங்கியது, மற்றது அப்பாவின் பழைய பிரதி. நான் என்னுடையதை அனுப்பலாம் என்று எடுத்தேன். அப்பா கையால் தடவிப் பார்த்து, "இது வேண்டாம், என்ரயைக் குடு. அவர் மூதூரில இருந்து வாசிக்கட்டும்" என்றார். மாஸ்டரின் கையெழுத்து இதில் இல்லை. ஓரங்களில் அப்பா பென்சிலால் எழுதியவை இருக்கின்றன, பெரும்பாலும் ஆட்களின் பெயர்கள், எந்தக் கதை ஊரில் யாருடையது என்று. உங்களுக்குச் சிலரைத் தெரிந்திருக்கும்.

நாளைக் காலை மூதூர் பஸ்ஸில் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறேன். பஸ் நிலையத்துக்கு எத்தனை மணிக்கு வரலாம் என்று எழுதுங்கள்.